கீரைக்கு ஏர்கோன், அம்மாவுக்குக் காத்தாடி

எங்கள் வீட்டு மாடிப் பின்னறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘கதவைத் திறந்து போடாதீர்கள், குளிர் போகிறது’ என்று நான் எழுதி ஒட்டியது. அதற்குக் கீழே பென்சிலால், ‘எனக்கும்தான் வேர்க்குது’ என்று அம்மா எழுதி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு 78 வயது. கோலாலம்பூர் செந்தூலில் இந்த வரிசை வீட்டுக்குக் குடிவந்து 40 வருடத்துக்கு மேலாகிறது. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. இத்தனை வருடத்தில் இந்த வீட்டுக்குள் வந்த முதல் ஏர்கோன் (ஏசி) கீரைக்காக வந்தது. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

கீரை என்றால் நம் முளைக்கீரை, பசலை இல்லை. சாலட்டுக்குப் போடும் லெட்டூஸ், கூடவே இத்தாலிக்காரர்கள் பாஸ்தாவில் போடும் பேசில். 2021-இல் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அலுவலகம் ஆட்களைக் குறைத்தது. கையில் கொஞ்சம் பணமும் ஏராளமான நேரமும் மிஞ்சின. அண்ணன் கல்யாணமாகிப் போனதிலிருந்து சும்மா கிடந்த 10-க்கு 12 அடி அறையில் மூன்று இரும்பு அலமாரிகளை வைத்தேன். அலமாரிக்கு நான்கு தட்டு, தட்டுக்கு 100 வாட் எல்.இ.டி. விளக்கு, மண் இல்லாமல் சத்துநீரில் வளர்ப்பு. பங்சாரில் இரண்டு கஃபேக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கேமரன் மலையிலிருந்து லோரியில் இறங்கும் லெட்டூஸோடு விலையில் போட்டி போட யாராலும் முடியாது. அங்கே மலையின் குளிர் இலவசம். எனக்கு அதைத் தெனாகா மின்சார பில்லில் விற்கிறார்கள். ஆனால் காலையில் வெட்டி 11 மணிக்குள் கடையில் சேரும் இளம் இலைக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தில்தான் என் தொழில் ஓடுகிறது.

தொடங்கும்போது ‘அறைக்குள் செடி வளர்க்க ஏர்கோன்’ என்று இணையத்தில் தேடினேன். வந்து விழுந்த அறிவுரைகளில் முக்கால்வாசி, நம் நாட்டில் வளர்த்தால் போலீஸ் வந்து ஆளையும் செடியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும் செடியைப் பற்றியது. கணக்கெல்லாம் அவர்களிடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குளிர்நாட்டுக் கணக்கு. வெளியே பனி பெய்யும் ஊரில் ஜன்னலைத் திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கோலாலம்பூரில் ஜன்னலைத் திறந்தால் பிரச்சினை உள்ளே வரும். (என் அறை ஜன்னல் இடுக்கில் இரவெல்லாம் வெளிச்சம் தெரிவதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா ஒருநாள் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். கையோடு மேலே கூட்டிப்போய் ஒரு கட்டுக் கீரையும் கொடுத்து அனுப்பினேன். தெரு முழுக்க என் கீரையின் பெருமை பரவியது அப்படித்தான்.)

முதல் ஏர்கோனை 2022-இல் வாங்கினேன். கடையில் இருந்த பையன் அறையின் நீள அகலத்தை மட்டும் கேட்டான். “10-க்கு 12தானே? ஒரு எச்.பி. போதும்க்கா.” (ஏர்கோனின் அளவை இங்கே எச்.பி.யில்தான் சொல்வார்கள்.) சலுகை விலையில் ஒரு இன்வெர்ட்டர். பெயர் வேண்டாம், விற்ற கடையின் பெயரும் வேண்டாம். மாட்ட வந்தவர் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்கு அப்போது சந்தோஷம்.

நான்கு மாதத்தில் குளிர் குறைந்தது. உள்ளே இருக்கும் பெட்டியின் மெல்லிய குழாயில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது. வந்தவர் “கேஸ் பத்தல” என்று 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டுப் போனார். அடுத்த மூன்று மாதத்தில் மறுபடியும் அதே ஐஸ், அதே 150. ஏர்கோன் கேஸ் காரின் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். குறையக் குறைய உள்ளே அழுத்தம் இறங்கி, சுருளின் ஒரு முனை உறைநிலைக்குக் கீழே போய் ஐஸ் கட்டுகிறது. இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது ஐஸைப் பார்த்து, நன்றாகத்தானே குளிர்கிறது என்று நினைத்தவள் நான்.

அப்புறம் 2023 தைப்பூசம். பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. செந்தூல்காரர்களுக்குப் பத்துமலை என்பது நடந்தே போகிற தூரம். சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிட்டோம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்பி அந்தக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த காற்றை இன்னும் மறக்கவில்லை. வெப்பமானியில் 41 டிகிரி. ஏர்கோன் செத்திருந்தது. ஆனால் விளக்குகள் சாகவில்லை. டைமர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து மூடிய அறைக்குள் 1,200 வாட் எரிந்திருக்கிறது. 12 தட்டுக் கீரையும் வேகவைத்த மாதிரி தொங்கியது. திங்களும் விடுமுறை, ஆள் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தவர் வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த மின்னணு போர்டைக் காட்டினார். அதன் மேல் ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்தது.

அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தார். பல்லி விழும் பலன் பகுதியில் தலைக்கு, தோளுக்கு, முழங்காலுக்கெல்லாம் பலன் போட்டிருக்கிறார்கள். போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று இல்லை. நான் சொல்கிறேன்: 480 வெள்ளி, இரண்டு வாரம் காத்திருப்பு. அந்த மாடலுக்குப் போர்டு கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரத்தில்தான் நம்பகம் என்ற சொல்லுக்கு எனக்கு வேறு அர்த்தம் கிடைத்தது. அதுவரை எந்த பிராண்டு பழுதாகாது என்று தேடிக்கொண்டிருந்தேன். 24 மணி நேரமும் ஓடும் எந்த மெஷினும் ஒருநாள் நிற்கும். நின்ற பிறகு எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும், அதுவரை என் கீரை உயிரோடு இருக்குமா? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் அடுத்த ஏர்கோனை வாங்கினேன்.

கணக்கெழுதியவள் என்பதால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். விளக்கு 1,200 வாட். சின்னக் காத்தாடிகளும் நீர் மோட்டாரும் 150. ஆக 1,350. ஏர்கோன்காரர்கள் சூட்டை அளப்பது பி.டி.யு.வில். ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.412 பி.டி.யு. என்று பெருக்கினால் சுமார் 4,600. எல்.இ.டி. சூடே ஆகாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பழைய விளக்கைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சம் தரும், அவ்வளவுதான். அறைக்குள் நுழைந்த மின்சாரம் இலையில் விழுந்தாலும் சுவரில் விழுந்தாலும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. செடி தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது மிகச் சிறிய பங்கு.

அடுத்தது அறையின் கணக்கு. இங்கே கடைக்காரர்கள் சதுர அடிக்கு 60, 65 பி.டி.யு. என்று போடுவார்கள். 120 சதுர அடிக்கு 7,800. மேலே கூரை, மேற்குப் பக்கம் வெயில் வாங்கும் சுவர் இரண்டையும் நினைத்தால் அது அதிகமில்லை. இரண்டையும் கூட்டினால் 12,400. ஒரு எச்.பி. என்று விற்கும் பெட்டி தருவது 9,000 சொச்சம். அந்த 9,000 கூட, அறை 27 டிகிரி, வெளியே 35 டிகிரி என்று வைத்து ஆய்வுக்கூடத்தில் அளந்த எண். அறையை 22-இல் வைத்தால் அதே மெஷின் அதைவிடக் குறைவாகத்தான் தரும். படுக்கையறைக்குப் போதும் என்று அந்தப் பையன் சொன்னது சரி. இரவும் பகலும் 1,350 வாட் ஹீட்டர் எரியும் படுக்கையறையில் யார் படுப்பார்கள்?

ஆக என் முதல் மெஷின் பிறந்த நாளிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இன்வெர்ட்டர் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் என்பார்கள். சுமை குறையும்போது கம்ப்ரஸர் வேகத்தைத் தணித்து மெதுவாக ஓடுவதில்தான் அந்த மிச்சம் வருகிறது. சுமையே குறையாவிட்டால் எங்கே தணியும்? அப்போதிருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, 900-ஐத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 57.10 காசு. 100 வெள்ளி சுற்றி வந்த எங்கள் பில் 700-ஐத் தாண்டியது. அம்மா அந்த பில்லைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் தம்பி வருகிறான். எதிர்வீட்டு அக்கா மூலமாகக் கிடைத்த ஏர்கோன்காரன். 30 வயது இருக்கும். கம்பெனி இல்லை, சொந்தமாக ஒரு வேன். அவன் வந்ததும் ஏர்கோனைப் பார்க்கவில்லை, விளக்கு டைமரைப் பார்த்தான்.

“லைட்ட எதுக்குக்கா பகல்ல போடுறீங்க?”

செடிக்குப் பகல் பகலாகவே இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அறைக்குள் சூரியனே தெரியாத செடிக்கு நம் கடிகாரம் எதற்கு என்றான். யோசித்தால் இது கணக்குப்பிள்ளைக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். பெரிய செலவு இரண்டும் ஒரே தேதியில் வந்து விழாமல் தள்ளிவைப்பதுதானே என் 19 வருட வேலை! விளக்கை இரவு எட்டு மணியிலிருந்து மறுநாள் மதியம் 12 வரைக்கும் மாற்றினேன். 16 மணி நேரம் அப்படியே இருக்கிறது. மேற்குச் சுவரில் வெயில் ஏறும் நேரத்தில் விளக்கு அணைந்திருக்கிறது. விளக்கு எரியும் நேரத்தில் வெளியே 24, 25 டிகிரி, வெளிப்பெட்டிக்கும் மூச்சு விடுவது சுலபம். 12,400 என்ற அந்தக் கூட்டல் எந்த மணி நேரத்திலும் முழுசாக வருவதில்லை.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. செடி வளர்ப்பில் ஏர்கோனின் பெரிய வேலை சூட்டை எடுப்பது மட்டும் இல்லை, ஈரத்தை எடுப்பதும்தான். என் தொட்டிகளுக்கு நாள் ஒன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் நிரப்புகிறேன். கீரை கொஞ்சம்தான் தனக்கு வைத்துக்கொள்கிறது. மிச்சமெல்லாம் இலை வழியாக அறைக் காற்றில் போகிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் சூடு தேவை. 15 லிட்டருக்கு 10 யூனிட். விளக்குகள் ஒரு நாளில் தின்பதே 19 யூனிட்தான். அதில் பாதிக்கு மேல் சூடாகத் தெரியாமல் ஈரமாக உருமாறி நிற்கிறது. தலைப்பு மாற்றி எழுதிய கடன் மாதிரி. ஏர்கோன் அந்த ஆவியைச் சுருளில் தண்ணீராக மாற்றும்போது அதே 10 யூனிட்டையும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும்.

விளக்கு அணைந்ததும் என்ன நடக்கும்? சூடு வருவது நிற்கும். அறை குளிர்ந்துவிட்டது என்று ஏர்கோன் ஓய்ந்துவிடும். ஆனால் ஈர வேரும் நீர்த்தொட்டியும் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும். இரவில் விளக்கை அணைத்த நாட்களில் என் அறையில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டி, விடியும்போது பேசில் இலையில் சாம்பல் பூஞ்சை பிடித்திருக்கும். இப்போது இருட்டு நேரம் பகல் 12-லிருந்து எட்டு வரை. மேற்குச் சுவர் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஏர்கோன் ஓய முடியாமல் ஓடி, ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நான் திட்டிக்கொண்டிருந்த சுவரே எனக்கு வேலை செய்கிறது. தனியாக ஈரம் உறிஞ்சும் கருவி வாங்க நினைத்திருந்தேன். அதுவும் சூடு கக்கும், அதைக் குளிர்விக்க மறுபடி ஏர்கோன். அந்தச் செலவு மிச்சம்.

(வடிகுழாயில் வரும் தண்ணீரைச் சத்துநீர்த் தொட்டியில் விடலாமே என்று ஆசை வரும். உப்பில்லாத தண்ணீர்தான். ஆனால் சுருளின் தூசியையும் அழுக்கையும் கழுவிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் அது கறிவேப்பிலைக்குப் போகிறது. மரம் கூரையைத் தொட்டுவிட்டது.)

சரி, எதை வாங்கினேன்?

இரண்டு. இரண்டுமே ஒரு எச்.பி. ஒன்று இன்வெர்ட்டர், இன்னொன்று பழைய பாணியில் கம்ப்ரஸர் ஓடும் அல்லது நிற்கும் சாதா மெஷின். பெரிதாக ஒரு இரண்டரை எச்.பி. வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி தடுத்தான். தேவைக்கு மீறிய மெஷின் அறையைப் பத்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரம் எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. தவிர, அது போனால் எல்லாம் போச்சு.

“ஒரே சாமான்ல எல்லாத்தையும் வச்சா, பல்லிக்குத்தான்க்கா லாபம்.”

இன்வெர்ட்டரை 23 டிகிரியில் வைத்திருக்கிறேன், சாதாவை 26-இல். அறை 23-இல் நிற்கும்வரை சாதா மெஷினின் கம்ப்ரஸர் எழுந்திருப்பதே இல்லை. அதன் விசிறி மட்டும் காற்றைச் சுற்றிவிடுகிறது. இன்வெர்ட்டர் நின்றுபோனால் அறை சூடேறி 26-ஐத் தாண்டும்போது அது தானாக எழுந்துகொள்ளும். எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டின் எண்ணையும் மாற்றி, தூங்குபவனையும் கொஞ்சம் ஓட விடுகிறேன். சாதா மெஷின் கரண்டு அதிகம் தின்னும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் சாவதற்கு அதிகம் இல்லை. எளிய போர்டு, ஒரு கெபாசிட்டர். கெபாசிட்டர் போனால் தம்பியின் வேனிலேயே இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி விழும் ஊரில் இதற்கு மதிப்பு உண்டு. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் இடி கேட்கும் ஊர் இது. இன்வெர்ட்டர் போர்டுகள் இடிக்கும் பல்லிக்கும் ரொம்பவே இளகிய மனசுக்காரர்கள்.

பிராண்டு எது என்று கேட்பீர்கள். கடைக்குப் போகுமுன் தம்பியிடம், “நீ எந்த மெஷினுக்கு ஒரே நாளில் போர்டு கொண்டுவருவாய்?” என்று மட்டும் கேட்டேன். டைக்கின், பானசோனிக், ஆக்சன் என்று விரல் மடக்கினான். ஆக்சன் நம் ஊர்ப் பெயர். அதன் தாய் நிறுவனமான ஓ.ஒய்.எல்.லை 2006-இல் டைக்கின் வாங்கியது, அதிலிருந்து இரண்டும் ஒரே குடும்பம். டாமான் டாமானாக, அதாவது குடியிருப்புக் குடியிருப்பாக, மாட்டியிருப்பதால் உதிரிகளும் எங்கும் கிடைக்கின்றன. அவசரத்துக்கு ஜாலான் பசார் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினாலே ஏதாவது அகப்படும் என்கிறான். சீனாவிலிருந்து வரும் மலிவான மெஷின்களும் குளிர்விக்கத்தான் செய்கின்றன. அவற்றை அவன் குறை சொல்லவில்லை. அந்த மூன்றில் இரண்டை எடுத்தேன். உங்கள் பேட்டையில் உங்கள் தம்பி வேறு பெயர் சொன்னால் அதை வாங்குங்கள். விரல் மடக்குகிறவன் யார் என்பதைப் பொறுத்தது அது.

வாரண்டி அட்டையைக் கடையிலேயே படித்தேன். கம்ப்ரஸருக்கு 10 வருடம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கம்ப்ரஸர் அவ்வளவு சுலபத்தில் போகாது. போவது போர்டு, அதற்கு எத்தனை வருடம் என்பது பொடி எழுத்தில் இருக்கும். ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வரியும் சில அட்டைகளில் உண்டு. இன்னொன்று, கரண்டு போய் வந்தால் தானாக மறுபடி ஓடுமா என்பது. இதைக் கடையில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மாட்டிய அன்றே மெயின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். சில நிமிடத்தில் இரண்டும் எழுந்தன. எழாவிட்டால் திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். நடுராத்திரி ஒரு நிமிடக் கரண்டு வெட்டுக்குப் பிறகு ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் மெஷின் எனக்கு உதவாது.

மாட்டும் வேலையைப் பற்றித்தான் நான் எழுத நினைத்த முக்கியமான பகுதி. முதல் மெஷின் ஒழுகியதற்குக் காரணம் மெஷின் இல்லை என்பது அதைக் கழற்றியபோது தெரிந்தது. செப்புக் குழாயின் வாயைக் குடை மாதிரி விரித்து நட்டால் இறுக்குவார்கள். அந்த விரிப்பின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. அவசரத்தில் வெட்டி, பிசிறு எடுக்காமல், கை போன போக்கில் இறுக்கியது. இப்போது வரும் மெஷின்களில் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-22-ஐவிட அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். கொஞ்சம் தீப்பிடிக்கும் குணமும் உண்டு. பழைய கைப்பழக்கம் இதற்கு ஒத்துவராது.

தம்பி குழாயின் கனத்தைச் சொல்லி வாங்கினான், 0.71 மில்லிமீட்டர். மலிவான பேக்கேஜில் 0.61 போடுவார்களாம். நட்டை அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினான். அப்புறம் வேக்குவம் பம்பை மாட்டிவிட்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் அது குழாயின் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியது. பம்பை நிறுத்தியும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று இன்னும் சிறிது நேரம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் கேஸைத் திறந்தான். முதல் ஆள் இதையெல்லாம் செய்யவே இல்லை. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளிவிட்டு முடித்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தின் ரகசியம் அதுதான். விலை பேசும்போது “வேக்குவம் பம்ப் கொண்டுவருவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் வேறு ஆள் தேடுங்கள்.

வெளிப்பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி, பின்சந்துப் பக்கம் மாட்டினான். போர்டு இருக்கும் இடத்தில் ஒயர் நுழையும் ஓட்டைகளையெல்லாம் அடைத்தான். பல்லிக்கு வழி இல்லை. ஒயர்மேன் வந்து தனித்தனி லைன் இழுத்து, இடி தாங்கும் சாதனம் ஒன்றையும் மெயின் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

விளக்குக்கும் ஒரு கடிவாளம் போட்டோம். அறை 29 டிகிரியைத் தொட்டால் விளக்கு லைனைத் துண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட், 60 வெள்ளி. ஒருநாள் வெளிச்சம் இல்லாவிட்டால் கீரை சாகாது. தைப்பூசத்தன்று அந்த 60 வெள்ளிச் சாமான் இருந்திருந்தால் பல்லி மட்டும்தான் செத்திருக்கும். இத்தனையிலும் எதை முதலில் வாங்கச் சொல்வாய் என்று கேட்டால் ஏர்கோனுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் அறையை 20, 21 டிகிரியில் வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் அடுத்த அறையில், அதாவது அம்மாவின் அறையில், அந்தப் பக்கச் சுவர் ஈரமாகி, பெயிண்ட் கொப்பளித்து, கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. “சுவரு அழுவுதுடி” என்றார் அம்மா. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் 24 டிகிரிச் சுவரைத் தொட்டாலே தண்ணீராக மாறிவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போல. ஒழுகல் என்று நினைத்துக் குழாய்க்காரரைக் கூப்பிட்டு 80 வெள்ளி கொடுத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. சுவரின் உட்புறம் நுரைப்பலகை ஒட்டினேன். அறையையும் 23-க்கு ஏற்றினேன்.

23-இல் லெட்டூஸ் வருமா? வருகிறது. இலையைவிட வேருக்குத்தான் குளிர் முக்கியம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் அழுகல் தொடங்குவது அங்கே. தொட்டிகளை நுரைப்பெட்டிக்குள் உட்கார வைத்ததும் பாதிச் சிக்கல் போயிற்று. உள்ளிலை ஓரம் கருகுவதற்கு ஏர்கோனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் இலைகள் நெருக்கமாக இருந்து காற்று படாததால் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் வருவது அது. தட்டுக்கு ஒரு சின்னக் காத்தாடி வைத்தேன், நின்றது. ஒரு அலமாரி முழுக்கப் பேசிலுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு 25, 26 டிகிரிதான் பிடிக்கும். மேல் தட்டுகளில் சூடு தங்குவது அதற்குச் சௌகரியம்.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெமிக்கல் வாஷ். பூஞ்சைக்குக் கந்தகம் புகைக்கச் சொல்லி இணையத்தில் எழுதுவார்கள். செப்புச் சுருள் கறுத்து அரித்துப்போகும், செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அந்த அறைக் கதவுக்கு வெளியோடு சரி. இதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு விழுந்த இடியில் இன்வெர்ட்டர் நின்றது. நான் கீழே சமையலில் இருந்தேன், தெரியவே இல்லை. இரவு எட்டரைக்கு மேலே போனபோது அறை 26-இல் இருந்தது. சாதா மெஷின் பழைய லோரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பாதி விளக்குகளை அணைத்துவிட்டுத் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் வேலை முடிந்து ஏழு மணிக்குப் போர்டோடு வந்தான். ஒரு இலை கூட வாடவில்லை. கஃபேக்காரருக்கு விஷயமே தெரியாது.

பல்லி விழுந்த அந்தப் பழைய மெஷினை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. போர்டு வந்த பிறகு தம்பி அதன் குழாய்வாயைப் புதிதாக விரித்து, முறையாக மாட்டித் தந்தான். ஒழுகலே இல்லை. அம்மாவின் அறையில் இருக்கிறது. மாட்டிய முதல் இரவு 25 டிகிரியில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். விடிகாலையில் எட்டிப் பார்த்தால் ஏர்கோன் அணைந்திருந்தது, ஜன்னல் விரியத் திறந்திருந்தது, காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது.

“குளிருதுடி” என்றார் அம்மா. “அது கீரைக்குத்தான் சரி.”